அளவு பதினொன்று

வெருலம் அலுவலகத்தின் மூன்றாவது அறையில்
இரண்டு நாற்காலி, ஒரு பொம்மை லாரி,
அதற்குச் சக்கரம் மூன்று.
சன்னல் திறக்காது. ஆனாலும்
கரும்பு கொளுத்தும் மாதத்தில்
எப்படியோ வந்துவிடுகிறது கரி
என் கோப்புகளின் மேல்.

அறுபது பிள்ளைகளுக்கான அலமாரியில்
நூற்றுப் பதினாலு பேர்.
அதில் தெவேஷன், வயது ஆறு,
ஃபீனிக்ஸில் ஒரு மாடிப்படியில்
ராத்திரி இரண்டு மணிக்கு
போலீஸ்காரரின் ஜெர்சிக்குள் எனக்குக் கிடைத்தவன்.
அம்மா பேரு என்ன, என்று கேட்டேன்.
"அம்மா" என்றான்.
அன்று அப்படியே எழுதிக்கொண்டேன்.

டொங்காட்டில் திருமதி மூன்சாமி
கதவைத் திறந்தபோது விடியவில்லை.
ஒரே கேள்விதான் கேட்டாள்:
"முட்டை தின்னுவானா?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

முதல் மாதம் முழுக்க
தலையணை உறைக்குள் ரொட்டி சேர்த்தான்.
எறும்பு வருது என்று என்னிடம் புலம்பினாள்,
அவனிடம் மூச்சுவிடவில்லை.
அவன் குளிக்கும் நேரம் பார்த்து
காய்ந்ததை எடுத்துப் புதியதை வைத்தாள்,
துண்டுகளின் எண்ணிக்கை மாறாமல்.

ரொவீனா மறுவாழ்வு மையத்தில் ஒன்பது மாதம்.
அதன்பிறகு மாதம் இரண்டு சனிக்கிழமை,
ஒரு மணி நேரம், நான் உடனிருக்க,
மகனைப் பார்க்கலாம் என்றது நீதிமன்றம்.
முதல் சனி டாக்ஸி வேலைநிறுத்தம்.
இரண்டாம் சனி போன் எடுக்கவில்லை.
நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு கேட்டான்,
"இன்னும் எத்தனை தூக்கம், ஆன்ட்டி?"
பதினாலுக்கு என் விரல்கள் போதாமல்
அவனுடையதில் நாலைக் கடன் வாங்கினேன்.

மூன்றாம் சனி வந்தாள்.
தலை வாரி, உதட்டுச் சாயம் போட்டு.
கண் தெளிவாக இருந்தது.
(கண்ணைப் பார்ப்பது என் வேலை.
வெட்கப்பட்டுக்கொண்டேதான் பார்ப்பேன்.)
அட்டைப்பெட்டியில் சிவப்புப் பட்டை போட்ட சப்பாத்து.
அளவு பதினொன்று.
அவளிடமிருந்து நாங்கள் அவனைத் தூக்கிப்போன
இரவின் அளவு.

விரல்களை மடக்கி உள்ளே நுழைத்தான்.
"கரெக்டா இருக்கும்மா."
அந்த ஒரு மணி நேரமும் எழுந்திருக்காமல்
அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து லாரி ஓட்டினான்.
அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.
பாசம்தானே.

'கவனித்தவை' என்ற இடத்தில் எழுதினேன்:
தாய் பரிசு கொண்டுவந்தார். குழந்தை மகிழ்ந்தது.
அடித்தேன்.
மறுபடி அதையே எழுதினேன்.

அடுத்த வாரம் டொங்காட் போனால்
முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான்,
காலில் அதே சிவப்புப் பட்டை.
திருமதி மூன்சாமி கொடியில் துணி உலர்த்தியபடி
"உதவித்தொகை இன்னும் வரல" என்றாள்.
ஐந்தாவது மாதமாகச் சொல்கிறாள்.
வாசற்படியின் சிமெண்டில்
எதையோ தேய்த்து அழுக்காக்கிய வெள்ளைத் தடம்.
ஓடுகிறவன் குதிகாலில்
பாதி கிழிந்த விலைச்சீட்டு.
பழைய ஜோடி எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

நான்காம் சனி
ரொவீனா மடியில் காலைத் தூக்கி வைத்தான்.
"நீ வாங்கினது என்கூட வளருதும்மா!"
அடியைத் திருப்பிப் பார்த்தாள். பதின்மூன்று.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தாள், வெகுநேரம்.
அங்கே திருமதி மூன்சாமி கைப்பைக்குள்
இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா" என்றாள் ரொவீனா,
"நல்ல கடைடா அது."
கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்,
இரட்டை முடிச்சு, இரண்டு காலுக்கும்,
அவசரமில்லாமல்.

படிவத்தில் நேரம் மட்டும் குறித்தேன்:
பத்து மணி முதல் பதினொன்று இருபது வரை.
மேலே கேட்டால்
என் கடிகாரம் மெதுவாக ஓடியது என்று சொல்லிக்கொள்ளலாம்.