கதவு மட்டும்

வண்டி வரவில்லை.
அதன் இடப்பக்க முன்கதவு மட்டும்
மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்தது
அரசுப் பேருந்தின் கடைசி இருக்கையில்,
பாதி என் மடியிலும்
பாதி யாரோ ஒருவரின் சின்ன வெங்காய மூட்டையிலும் சாய்ந்து.

பர்லியாறு சோதனைச்சாவடியில்
தண்ணீர் பாட்டில்களைப் பறித்துச் சாக்கில் போடும் பெண்,
சட்டைப்பையில் ச. யோகமலர் என்ற அட்டை,
கதவை விரல்முட்டியால் தட்டினாள்.
தகரம் இல்லையே இது?
பாலிப்ரொப்பிலீன், என்றேன்.
அப்படின்னா?
சொன்னேன்.
ஒரு லிட்டர் பாட்டிலுக்கே அபராதம் போடுற மலை இது,
நீ காரையே கொண்டு போறியா என்று
ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தாள்.
பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தே
கதவைக் காப்பாற்றின.

குன்னூர் மவுண்ட் ரோட்டில்
செருப்புக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே எங்கள் ஷோரூம்.
சுவரோடு சாய்த்து வைத்தேன்.
மேலே 'விரைவில்' என்றொரு தட்டி.
போன தையிலும் அதே தட்டிதான்.

மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்:
உள்ளே எஃகுக் கூடு, வெளியே பிளாஸ்டிக் தோல்,
நீலம் அச்சிலேயே கலந்தது,
கீறினால் உள்ளேயும் நீலம்தான்.
பெயின்ட் அடிக்கும் செலவில்லை, அதனால்தான் இந்த விலை.
துரு ஏறாது.

துரு என்றதும்தான் நிமிர்ந்தார்கள்.
பனியும் மழையும் முறைவைத்து நனைக்கும் ஊர்,
எல்லா வீட்டு ஜீப்புக்கும் அடியில்
ஆண்டுக்கொரு ஓட்டை.

டிங்கர் ஹயாத் கட்டைவிரலால் அழுத்தினார்.
குழிந்தது, எடுத்ததும் உப்பி எழுந்தது.
அடி வாங்கினதை மறந்துடற சாமான், என்று சிரித்துவிட்டு
பேனல் தனியா என்ன விலை,
ஒரு நாளைக்கு எத்தனை மாத்தலாம் என்று
சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார்.

அதிகரட்டி ஹாலன் கேட்டார்:
காட்டெருமை முட்டினா?
எஃகுக் கூடு தாங்கும்.
அது எருமைக்குத் தெரியுமா?
பதிலுக்குக் காத்திராமல்
இலை கிலோ முப்பதைத் தொடட்டும், வர்றேன், என்று போனார்.

இறக்கத்தில் பேட்டரி தானே நிரம்பும் என்றபோது
நர்ஸ் ஜெனிலா மட்டும் சிரிக்கவில்லை.
கீழே இறங்கினாத்தான் வரவு, ஏறினாச் செலவு.
எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான்,
திருப்பூர்ல இருக்கார்.
ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தாள், எல்லாம் ஐம்பது தாள்.

பதினொரு பேர் எழுதினார்கள்.
நான்கு பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.
கோவையிலிருந்து மேலாளர் தினமும் போன்:
மாசம் நாற்பது ஓடணும், கணக்கு அப்படி.
இங்கே மூன்று நாளாகக் கரண்ட் இல்லை சார்.
ஹலோ என்றார், ஹலோ ஹலோ என்றார்.

வாராந்திர விடுமுறையில் யோகமலர் வந்தாள்.
குடையைச் சுருக்கி, அதே இடத்தில் தட்டினாள்.
எத்தனை பாட்டில் உருக்கினா இது ஒண்ணு ஆகும்?
அது வேற பிளாஸ்டிக், இது வேற, என்றேன்.
கையேட்டில் அதற்குமேல் இல்லை.
ஞாயித்துக்கிழமை என் சாக்கெல்லாம் சேர்த்தா
ஒரு காருக்குக் காணும், என்றாள்,
என்னிடம் இல்லை, கதவிடம்.

கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.
க்ளிக்.
திறக்க ஒன்றுமில்லாததால்
கதவு அவள்மேல் சாய்ந்தது.
இருவரும் தாங்கிப் பிடித்தோம்.

கனமே இல்லையே.

எட்டாவது வரியில் பென்சிலால் எழுதினேன்
யோகமலர், பர்லியாறு.
தொகைக்கு நேரே ஒரு கோடு.
தேதி எப்போ என்று கேட்டாள்.
தட்டியைப் பார்த்தேன்.
அவளும் பார்த்தாள்.