பதினாலு கிலோ

கரண்ட் போன மே இரவு, செவ்வாய்ப்பேட்டை மாடி.
இறகு ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கிறேன்.
ஜிப் கழுத்துக்கு ஏறுமுன்
முதுகில் திருமணிமுத்தாறு.

கென்யா மலையில் பகலெல்லாம் இதே வெயிலாம்;
ராத்திரி தலைமாட்டில் தண்ணீர் பாட்டில் உறையுமாம்.
இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பை.

மாங்காய் மண்டித் தராசில் வைத்தேன்.
"பதினாலு. என்ன ரகம்?" என்றான் அங்கமுத்து.
"குளிர்."
சிரிக்கவில்லை. கூடைக்கு வைக்கோல் திணிக்கிற கையால்
பையைத் தட்டிப் பார்த்தான்.
"அடியில காத்து நிக்குது."
கம்பளிச் சாக்ஸைப் பூட்ஸுக்குள் அடைத்தான்,
கையுறையைக் குக்கருக்குள்.
எடை குறையவில்லை; இடம் பிறந்தது.

ஞாயிறு, ஏற்காட்டுச் சாலையில் ஒத்திகை.
ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில்
மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.
பக்கவாட்டு ஜிப்பைப் பதறாமல் திறந்து
கடலை மிட்டாய்ப் பொட்டலத்தோடு
மரமேறியது குரங்கு.

பதிமூணே முக்கால்.