வெள்ளம்

குமுளி ஸ்கேன் சென்டரில் மூன்றாம் நம்பர் டோக்கன்.
ஏலக்காய் தரம்பிரித்த விரல்களின் வாசனை
ஜெல் தடவிய வயிற்றிலும் ஏறியிருந்தது.

லிஜி டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை.
ஒரே இடத்தில் அழுத்தினார்,
மறுபடி அங்கேயே அழுத்தினார்.
"இடத்தே கிட்னியில் வெள்ளம் கெட்டி நிக்குன்னு."

பன்னிரண்டு வருசமாய் இந்தக் கடைத்தெருவில்
குடிக்க வெள்ளம் கேட்டு வாங்கியவள்தான் நான்.
ஆனாலும் அந்த நொடி
என் காது தமிழில் மட்டுமே கேட்டது.
வெள்ளம்.
கூரைமேல் ஏறி நின்று கூப்பிடும் பிள்ளை.

பிறகு அவரே காகிதத்தில் வரைந்தார்:
ஓர் அவரைவிதை, அதற்கொரு வால்,
வால் தொடங்கும் இடத்தில் ஒரு சுருக்கு.
பதினோரு மில்லிமீட்டர்.
"பேடிக்கண்டா. நாலு ஆழ்ச்ச கழிஞ்சு நோக்காம்."
சிலது பிறப்பதற்குள் தானே வடிந்துவிடுமாம்.
சிலதற்குக் கத்தி வைக்கணுமாம்.
எதுவென்று இப்போது தெரியாதாம்.

லோயர் கேம்ப் இறக்கத்தில் மழை.
பஸ் முழுக்க, அணையில் எத்தனை அடி என்ற பேச்சு.
நூற்றி முப்பத்தி நாலு என்றான் ஒருத்தன்.
எவன் சொன்னான், அஞ்சு என்றான் இன்னொருத்தன்.
பவுன்ராசு வாயே திறக்கவில்லை,
ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் செருகியிருந்தான்.

ராட்சதக் குழாய்கள் மலையிறங்கும் வளைவில்
வண்டி குலுங்கியது.
இடப்பக்கம் ஓர் உதை.

"ஒண்ணுக்குப் போயிரு தங்கம்" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
எதிர்சீட்டுக்காரி அவசரமாய்
தன் மடிப்பிள்ளையின் டவுசரைத் தொட்டுப் பார்த்தாள்.