கால்வட்டம்

சேகோ மில் பில்லின் பின்பக்கம்
கட்டம் போட்டேன். ஒரு கட்டம் ஓர் அடி.
பாத்ரூம் நாலுக்கு அஞ்சு.
கதவை உள்ளே தள்ளினால் மிச்ச இடத்தில்
வாளி நிற்கும், இல்லாவிட்டால் நான் நிற்பேன்.
அதற்குப் பின்னால் மண், நாலுக்குப் பதினொன்று.
தோட்டம் என்றால் மாதேசனுக்குச் சிரிப்பு.
ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்கே தோண்டினாலும் வெள்ளைக்கல்.
சுண்ணாம்பு டப்பாவில் நட்ட மாதிரி
கறிவேப்பிலை மூன்று வருஷமாக
என் இடுப்பைத் தாண்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சு ரோட்டில் டைல்ஸ் பார்த்தோம்.
"இது கடல் நீலம் மேடம்."
தண்ணீர் என்றைக்கு வரும் என்று
கேலண்டரில் சுழித்து வைக்கிற வீட்டுக்குக்
கடல் எதற்கு.
வழுக்குமா என்றேன்.
ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றி
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
கடைக்காரர் மாதேசனைப் பார்த்தார்.
மாதேசன் வாஷ்பேசினைப் பார்த்தார்.
சொரசொரப்பான சாம்பல் நிறத்தில் முடித்தோம்.

இருதயராஜ் வந்து தட்டிப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார்.
"வெஸ்டர்ன் வெச்சிருங்க. சார் காலுக்கு அதான் தோது."
"என் காலுக்கு என்ன?" என்றார் மாதேசன்,
உள்ளே ப்ளேட்டும் ஆறு திருகாணியுமாக.
பாத்ரூம் குழாய் இடதுபக்கம் சாய்ந்து இரண்டு வருஷம்.
எழுந்திருக்க எதைப் பிடிக்கிறார் என்று
இந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.
இருதயராஜும் பேசவில்லை. குழாயை மட்டும் நிமிர்த்திவைத்தார்.

கதவு வெளியே திறக்கணும் என்றேன்.
யாரும் ஏன் என்று கேட்கவில்லை.
ஆனி மாசம் எதிர்வீட்டுப் பரிமளம் டீச்சர் விழுந்தபோது
தாழ்ப்பாள்கூடப் போட்டிருக்கவில்லை.
ஆனாலும் கதவு திறக்கவில்லை,
டீச்சரேதான் அதற்கு முட்டு.
ஜன்னல் கண்ணாடியை ஒவ்வொன்றாக உருவி எடுத்து
மாடிவீட்டு ஒல்லிப் பையனை உள்ளே இறக்கினோம்.
கண்ணை இறுக்க மூடிக்கொண்டே இறங்கினான்.

நூலை இரண்டரைக் கட்டம் அளந்து
பேனாவில் கட்டிச் சுழற்றினேன்.
தாளில் ஒரு கால்வட்டம்.
ஏற்காட்டிலிருந்து கொண்டுவர இருந்த
ஹைட்ரேஞ்சியா அதற்குள் போயிற்று.
("அது குளிர் கேட்கும், இங்கே கருகிரும்"
என்று ஆறுதல் சொன்னார்.)
கனகாம்பரம் போயிற்று.
துளசி என்று எழுதியதில் சி மட்டும்
வட்டத்துக்கு வெளியே தப்பி நின்றது.

கதவு போய்வரும் இடத்தில்
ஒரு செங்கல்கூட வைக்க முடியாது.

"நாலு விரக்கடை ஏத்தி மாட்டிரலாங்க" என்றார் இருதயராஜ்.
"அடியில குட்டையா ஏதாச்சும் வைங்க. வல்லாரை வைங்க.
பேசின் தண்ணிய அந்தப் பக்கம் திருப்பிவுடறேன்."
சோப்புத் தண்ணி குடித்ததை எப்படித் தின்பது?
"திங்காதீங்க. பாருங்க."

"உள்ளே லைட்டு எரியறது வெளியே தெரியுமே" என்றார் மாதேசன்.
தெரியட்டும்.
ராத்திரி மூன்று மணிக்கு இவர் எழுந்துபோனால்
சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பேன்:
இலைகள்மேல் ஒரு கோடு வெளிச்சம்,
அதில் இரண்டு பாத நிழல்.
அசைந்தால் போதும், போய்ப் படுத்துக்கொள்வேன்.
இதை நான் சொல்லவில்லை.
காற்று வர வேண்டாமா என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் பில்லைத் திருப்பிக் கணக்கு எழுதினோம்.
சிமெண்ட், மணல், பிவிசி பைப்,
செம்மண் நாலு மூட்டை (வெள்ளைக்கல்மேல் போட),
கதவு, கீல்.
கூட்டிக்கொண்டிருந்தபோது பேனாவை வாங்கினார்.
கடைசி வரி அவர் கையெழுத்து:
சுவர்க் கைப்பிடி, ஸ்டீல் – 1.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் பக்கம் ஒரு தடவை திரும்பினார்.
பிறகு ஒன்றை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினார்.