ஆறாவது தட்டு

பங்கு பிரித்த அன்று
டோங்காட் வீடு சேக்ரனுக்கு,
அதன் விலையில் பாதி எனக்கு,
குளிர்பெட்டி யாருக்கும் வேண்டாம்.
கடைசியில் மேசைமேல் மிஞ்சியது
ஆளுக்குப் பாதி ராண்ட் போட்டு
நாங்கள் சேர்ந்து வாங்கிய
குதிரைக்காரத் தொடரின் அட்டைப்பெட்டி.
உறைகூடப் பிரிக்கவில்லை, அதற்குள் சண்டை.
வக்கீலின் கத்தரிக்கோல்தான் அதைத் திறந்தது.
ஒன்றிலிருந்து ஐந்துவரை அண்ணன் எடுத்துக்கொண்டான்.
ஆறாவதை என் பக்கம் தள்ளி
"இதில் கதை இல்லை, உபரிதான்" என்றான்.
வக்கீல் அதையும் எழுதிக்கொண்டார்.

அந்தத் தொடர் அங்கே ஓடிய வருஷங்களில்
இந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது.
வந்தபோது எனக்குக் கல்யாணமாகி
இடுப்பில் ஒரு பிள்ளை.
ஆகவே ஷெரீஃப் யாரைத் தேடிப் போகிறான்,
விதவையின் நிலம் மீண்டதா
எதுவும் தெரியாது எனக்கு.
தெரிந்ததெல்லாம்:
மலை, துணியில் எழுதியது.
புழுதி, சல்லடையில் சலித்த மரத்தூள்.
குதிரைக்கு மழை என்றால் பயம்.
செவ்விந்தியத் தலைவனாக வந்தவர்
கம்பெனியின் தையற்காரர்;
பூசிய பழுப்பு மணிக்கட்டோடு நின்றுவிட,
அங்கே கடிகாரம் கழற்றிய வெள்ளை வளையம்.
அரசாங்கத் தாள்களில் 'இந்தியர்' கட்டத்தில்
காலமெல்லாம் கோடு போட்ட கையால்
படத்தை நிறுத்தி அதைப் பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

வெருலம் ஃப்ளாட்டில் ஆகஸ்டு முழுக்க
கரும்பு கொளுத்திய கரி பறந்து வந்து
கொடியில் காயும் துணியில் உட்காரும்.
ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி போடுவேன்.
நீக்கிய காட்சி ஒன்று, நாற்பது நொடி:
ஷெரீஃபும் துணையாளும் வேலிக்கம்பம் நடுகிறார்கள்.
பேச்சே இல்லை. ஒருவன் பிடிக்க ஒருவன் அடிக்கிறான்.
சோப்பு விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று வெட்டினார்களாம்.
வயதான பின் அந்த இரு நடிகர்களும்
அதற்கு விளக்கம் சொல்கிறார்கள்,
ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொடுக்கிற மாதிரி.
மூன்றாம் தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது.
ஒருவர் இருமுகிறார்,
மற்றவர் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது.
தனித்தனி அறையில், தனித்தனி நாளில் பேசியதை
யாரோ ஒட்டவைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தவர் விழுகிறவர்.
பெரிய நடிகர்களுக்குப் பதிலாக
கூரையிலிருந்து, குதிரையிலிருந்து,
ஒருமுறை பாலத்திலிருந்து.
நாற்பத்தொரு தடவை செத்தேன் என்கிறார்,
அதில் ஒரே நாளில் மூன்று, மீசையோடு, மீசையில்லாமல்.
தவறிப்போன காட்சிகளில்
துப்பாக்கி வெடிக்கவில்லை,
ஆனாலும் இவர் பொறுப்பாக விழுந்துவிடுகிறார்.

நாலு வருஷம் கழித்து, மின்வெட்டு நேரத்தில்
போன் அடித்தது.
"சலாட்சி, கரண்ட் இருக்கா?"
"இல்லை. அங்கே?"
"இங்கேயும் இல்லை."
யாருடைய ஜெனரேட்டரோ உறுமிக்கொண்டிருந்தது,
அவன் பக்கமா, என் பக்கமா தெரியவில்லை.
"அஞ்சாவது தட்டில் கீறல். கடைசிக் கதை.
ஷெரீஃப் குதிரையிலிருந்து சாய்கிறான்,
பாதியில் அப்படியே நின்னுபோகுது.
செத்துட்டானா?"

"எழுந்துட்டான்" என்றேன்.
"தொடையை ரெண்டு தட்டு தட்டி
தொப்பியை எடுத்துக்கிட்டு
காபி கேட்டான். சர்க்கரை வேண்டாம்னான்."

"அது வேற ஆள்."

"விழுந்தது அவர்தானே."

பதில் இல்லை. சிரிக்கப் பார்த்தானோ என்னவோ,
அது இருமலாக மாறிவிட்டது.
குதிரைக்கு மழை பயம் என்பதைச் சொல்ல
வாயெடுத்த நான்
நிறுத்திக்கொண்டேன்,
அவன் இருமி முடிக்கட்டும் என்று.