செத்த நேரம்

ரிச்சி தெருவில் முனவர் பாய்
என் குரலைக் கேட்டதுமே எண்ணத் தொடங்கிவிடுவார்.
"எட்டாம்மா, பத்தா?"
அந்த மே மாதம் மட்டும்
நாற்பத்தேழு மாஸ்ஃபெட் போயிருந்தது.
ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகமளவு கருப்பு.
வெடிக்கும்போது மட்டும் குருவி வெடி.

அம்பத்தூர் எஸ்டேட்.
தகரக் கூரைக்குக் கீழே
ஆட்டோவுக்கு ஒரு சார்ஜர் செய்துகொண்டிருந்தோம்.
விசிறி கிடையாது என்பது ஒப்பந்தம்:
காற்றுக்கு வழிவிட்டால்
புழுதியும் அடைமழையும் கூடவே நுழையும்.
ஆகவே சூடு பிறக்கவே கூடாது.
வெளியே கத்திரி.

எங்கே பிறக்கிறதென்று
அலைக்காட்டியில் தேடினேன்.
நானூறு வோல்ட் தலைமேல் நிற்கும்போதே
சுவிட்சைத் திறக்கிறோம்.
கொரட்டூரில் இறங்குகிறவர் இறங்குமுன்
ஏறுகிறவர் முட்டி ஏறுவதுபோல
இறங்கும் கோடும் ஏறும் கோடும்
மோதுமிடத்தில் ஒரு சிறு முக்கோணம்.
நொடிக்கு ஒரு லட்சம் முக்கோணம்.
விரல் வைத்தால் கொப்புளம்.

"செத்த நேரத்தக் கூட்டிப் பாரு" என்றான் திரவியராஜ்.
இரண்டு சுவிட்சும் மூடிக் கிடக்கும் இடைவெளிக்கு
எங்கள் தொழிலில் அதுதான் பேர்.
அவன் வீட்டில்
சோறு வடியும்வரை பொறு என்பதற்கும்
அதே சொல்தான்.

எண்பது நானோ நொடியை
இருநூற்றுப் பத்தாக்கினேன்.
யாரும் எதையும் செய்யாத இருநூற்றுப் பத்து.
கம்பிச்சுருள் மட்டும்
பிடித்த ஓட்டத்தை விட மனமில்லாமல்
இழுத்துக்கொண்டே போனது.
அந்த இழுப்பில் நானூறும்
முந்நூறாகி, எழுபதாகி,
தரையில் உட்கார்ந்தது.
அப்போது திறந்தேன்.
திறந்தது சுவிட்சுக்கே தெரிந்திருக்காது.
வெப்பக் கேமராவில் மஞ்சள் மறைந்து ஊதா.
திரவியராஜ் டீ சொன்னான்.
குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தோம்.

புதன்கிழமை எஸ்தர் தன் வண்டியோடு வந்தாள்.
எண்பத்தைந்து சதவீதம் வரை
பெட்டி கைக்குக் குளிர்ச்சி.
அதன்பின் பேட்டரி நிரம்ப நிரம்ப
கேட்பு குறையக் குறைய
சூடு ஏறியது.
சரியாகத்தான் படித்தோமா? திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
பாரம் இருந்தவரை மென்மை.
பாரம் இறங்கியதும்
சுருளுக்கு இழுக்கத் தெம்பில்லை,
நானூறு பாதிப் படியில் நின்றுவிட,
பழைய முட்டல்.

எஸ்தர் சிரித்தாள்.
"வண்டியும் அப்டித்தான்க்கா,
சவாரி இல்லாம போனாத்தான்
தூக்கித் தூக்கிப் போடும்."

இரவு பத்தரை.
ஃபெரைட்டின் இரண்டு பாதிகளைப் பிரித்து
நடுவில் வைக்கக் காகிதம் தேடினேன்.
கைப்பையில்
பாடி வரைக்குமான பஸ் டிக்கெட்.
நான்காய்க் கிழித்து
ஒரு துண்டைச் செருகி மூடினேன்.

அந்த விலகலில்
உள்ளே ஓர் ஓட்டம் கூடிக்கொண்டது.
எந்த பேட்டரிக்கும் போய்ச் சேராது,
எதையும் நகர்த்தாது,
போகும், திரும்பும்.
ஆனால் தொண்ணூற்றெட்டிலும்
நானூறை அடிப்படிவரை இறக்கிவிட்டது அதுதான்.

திங்கள் கூட்டத்தில்
கணக்கு பார்க்கும் வைகுண்டநாதன் கேட்டார்:
"இந்த வீண் சுற்றலைக் குறைக்க முடியாதா?
நாலு வாட் போகிறதே?"
"போகட்டும் சார்" என்றேன்.
விளக்கத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
டிக்கெட்டுக்குப் பதில்
முறையான காப்புத்தாள் போட்டுத்தருவதாக
எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு போன்.
"என்னம்மா, சத்தமே காணோம்,
உடம்பு கிடம்பு சரியில்லையா?"
"எதுவும் வெடிக்கல பாய்."
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம்.
வியாபாரம் போன மௌனமா என்று தெரியவில்லை.
"கடை எத்தன மணி வரைக்கும் பாய்?"
"எட்டு. என்ன வேணும்?"
"ஒண்ணும் வேணாம். சும்மா வரேன்."