நாற்பதுக்கு மேலே

கொட்டச்சேட்டுப் பக்கம், மூன்றாம் பிளாக்.
மழை விட்டும் சில்வர் ஓக் சொட்டிக்கொண்டிருந்த காலையில்
புது மேனேஜர் திவாகர் கவிழ்த்த பெட்டியின் மேல் ஏறிச் சொன்னார்:
நாற்பது கிலோ வரைக்கும் பழைய கூலி.
நாற்பதுக்கு மேலே
கிலோவுக்கு ஆறு ரூபாய் ஊக்கத்தொகை.
யாரும் கை தட்டவில்லை.
ஆறை எதால் பெருக்கலாம் என்று
முக்காட்டுக்குள் விரல்கள் மடங்கி நிமிர்ந்தன.

நான் எடை போடுகிறவன். மாதச் சம்பளம்.
முப்பதும் எழுபதும் எனக்கு ஒரே மைதான்.
எழுதி முடித்ததும் பக்கத்தை ஊதி ஊதிக் காயவைத்துத்தான்
நோட்டை மூடுவேன்.
அதற்கு யாரும் காசு தருவதில்லை,
கேட்டதும் இல்லை.

முதல் நாள் பவளக்கொடி ஐம்பத்திரண்டு.
மூன்றாம் நாள் அறுபத்தொன்று.
அவள் புருஷன் துண்டுச்சீட்டை
வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான், கள்ள நோட்டைப் போல.
ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக் கடையில் மகனுக்கு ஷூ வாங்கினாள்,
இரண்டு அளவு பெரிதாக.
ஆறு ரூபாயை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.
அந்த ஷூவுக்குள் பஞ்சு அடைத்ததும் அதுதான்.

ஐந்தாம் நாள் சாக்குகளைக் கவிழ்த்தால்
பாதி பச்சை.
கொப்போடு உருவியது, இலையோடு, காம்போடு.
ஒன்றின் அடியில் ஈரக் கல்,
பழைய துணியில் சுற்றி,
தூங்கும் பிள்ளையைப் போலப் பதனமாக.
பல்பர் தொண்டை அடைத்து நின்றது.
பச்சைக்குப் பிடித்தம் என்றார் மேனேஜர்.
பச்சை பொறுக்க ஒரு ஆள் வேண்டும்,
அந்த ஆளுக்கு ஒரு கூலி,
அந்தக் கூலிக்கும் ஒரு நாற்பது.
நோட்டில் இன்னும் நாலு கோடு போட்டேன்.

சடைச்சி மட்டும்
முதல் நாள் முப்பத்தெட்டு.
ஐந்தாம் நாள் முப்பத்தெட்டு.
பதினோராம் நாள் முப்பத்தெட்டரை,
அன்றைக்குச் சாக்கு நனைந்திருந்தது.
ஒரு பச்சை கிடையாது.
அவள் கொட்டினால் தார்ப்பாய்க்கே முகம் சிவக்கும்.

இன்னும் ரெண்டு கிலோதானே, என்றேன்.
சாக்கை உதறி மடித்தாள்.
“இன்னைக்கு அந்தச் செடி அவ்வளவுதான் பழுத்துச்சு.”
மடித்ததை மறுபடி மடித்தாள்.
“பத்து நாள் கழிச்சும் அந்த வரிசைக்கு நான்தானே போவணும்.
இப்பவே உருவிட்டா, அப்ப எந்த மூஞ்சியை வச்சிட்டு நிக்கிறது?”

செடிக்கு முன்னால் நிற்க
ஒரு மூஞ்சி வேண்டும் என்று
சேலத்து ஆபீஸிலிருந்து வந்த எந்தத் தாளிலும் இல்லை.

வந்த தாளில் வேறு இருந்தது:
இனி யாருக்கும் நிலையான வரிசை கிடையாது.
தினம் சீட்டுக் குலுக்கல்.
நல்ல சரிவும் கெட்ட சரிவும் எல்லோருக்கும் சமம்.
நியாயம்தான். நானும் தலையாட்டினேன்.
டால்டா டப்பாவில் சீட்டைக் குலுக்கியதும் நானே.

சடைச்சிக்கு ஓடைச் சரிவு. இருபத்தொன்பது.
மறுநாள் மிளகுக்கொடிப் பக்கம், இருபத்தேழு.
மூன்றாம் நாள் எந்த இடம் என்று அவளும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஒரு வாரம் போயிருக்கும்.
சாக்கு தராசில் ஏறியது.
நாற்பத்துநான்கு.

கவிழ்த்தேன்.
பச்சை உருண்டு என் செருப்புவரை வந்தது.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவள் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
“யாரு செடியோ,” என்றாள்.

பொறுக்குகிறவள் அன்று காய்ச்சலில் வரவில்லை.
பிடித்தம் இல்லை.
நாலு ஆறு இருபத்துநாலு என்று எழுதிக் கொடுத்தேன்.
சீட்டைப் படிக்காமல் முந்தியில் முடிந்துகொண்டு இறங்கிப் போனாள்.

மேனேஜர் என் தோள் வழியே எட்டிப் பார்த்தார்.
“பார்த்தீங்களா, சடைச்சியே தாண்டிடுச்சு!”
சந்தோஷமாகப் போனில் கீழே சொன்னார்,
சிக்னல் தேடி வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்தபடி.

அன்று நான் ஊதவில்லை.
நோட்டை அப்படியே மூடினேன்.

காலையில் திறந்தால்
எதிர்ப்பக்கத்தில், இன்னும் எதுவும் எழுதாத தேதியில்,
நாற்பத்துநான்கு
இடம் வலம் மாறி ஒட்டியிருந்தது.